மங்கலாக எரிந்த சிவப்பு விளக்கு: ஒரு பழைய டீசல் காரின் அல்டனேற்றர் கோளாறு

பின்னணி

மாங்குளம் பக்கத்தில் வாகன மின்வேலை செய்யும் சிறிய கராஜ் ஒன்றை நடத்துகிறேன். 1990களில் வன்னியிலேயே தொழில் பழகியவன். பொருளாதாரத் தடை இருந்த அந்த நாள்களில் பற்றரி இங்கே வரமுடியாத பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. பற்றரி செத்தால் எல்லாம் நின்றுபோகும் என்ற பயம் அந்தக் காலத்திலேயே மனத்தில் ஊறிவிட்டது. இன்றைக்கும் வாகனம் காலையில் இழுக்கவில்லை என்றால் இங்குள்ளவர்களின் கை முதலில் போவது பற்றரிக்குத்தான். இந்த நிகழ்விலும் அப்படித்தான் நடந்தது.

கார் 1980களின் நடுப்பகுதியில் வந்த டொயோட்டா கொரோலா. 1.8 லீற்றர் டீசல் என்ஜின். உரிமையாளர் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மாதம் ஒருமுறை மனைவியை வவுனியாவுக்குக் கிளினிக் கூட்டிச் செல்வதற்கு அந்தக் கார்தான் அவருக்கு எல்லாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய காரின் விலையே ஏறிக்கொண்டு போனதால், அதை மாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. 2022இல் டீசல் கிடைக்காத மாதங்களில் கார் பெரும்பாலும் கொட்டிலிலேயே நின்றது.

இந்த டீசல் என்ஜினைப் பற்றி இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ஒன்று, பெற்றோல் என்ஜினைப்போல இதற்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருளைத் திறந்துவைத்திருக்கும் சிறிய சொலினொயிட்டுக்கு (மின்காந்த வால்வு) மட்டும் கொஞ்சம் மின் கிடைத்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே என்ஜினோடு சுழன்று மின் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்டனேற்றர் பாதி செத்துப்போனாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. மற்றது, இதன் அல்டனேற்றரின் பின்புறத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் ஒரு வாக்கியூம் பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. பிறேக்கை மிதிக்கும் காலுக்கு உதவி தருவது அந்தப் பம்ப்தான். என்ஜின் ஒயில் ஒரு குழாய் வழியாக அதற்குள் போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது.

வைகாசி முதல் ஐப்பசி வரை

வற்றாப்பளைப் பொங்கல் நாள்களில் கார் காலையில் சோம்பலாக இழுக்கத் தொடங்கியது. பற்றரி வாங்கி நான்கு வருடமாகியிருந்தபடியால் ஆசிரியர் தயங்காமல் புதியது வாங்கினார். பழையதை நிறைக்கு விற்றுவிட்டார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு இரண்டு நாள் நிறுத்தி வைத்து எடுத்தால் மறுபடியும் இழுவை குறைந்தது. பற்றரி வாங்கிய இடத்தில் சார்ஜ் செய்து, நல்ல பற்றரி என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அடுத்து ஸ்ராட்டர் மோட்டரைக் கழற்றிச் சீர்செய்தார்கள். அதனாலும் பயனில்லை. ஆவணியில் வீதியோரத்தில் உதவிக்கு வந்த ஒருவர், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிக் காட்டினார். என்ஜின் நிற்கவில்லை. "பார்த்தீர்களா மாஸ்டர், அல்டனேற்றர் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசிரியரும் நம்பினார்.

இந்தச் சோதனை எங்கள் பக்கத்தில் வேரோடிப்போன பழக்கம். இதைக் கைவிடும்படி வருபவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது எதையும் நிரூபிக்காது. டீசல் என்ஜினின் சொலினொயிட்டைப் பிடித்துவைக்கப் பழுதான அல்டனேற்றரின் அரைகுறை மின்னே போதும். நிரூபிக்காதது மட்டுமல்ல, கெடுக்கவும் செய்யும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பற்றரியைப் பிரித்தால் அல்டனேற்றரின் வோல்ற்றளவு கண நேரத்தில் பலமடங்கு எகிறும். அதற்குள் மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட்டும், வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் அந்த அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இந்தக் காலம் முழுவதும் சரியான அறிகுறியைக் கண்டிருந்தவர் ஆசிரியரின் மனைவி. பின்னேரப் பயணங்களில் முன்விளக்குகளைப் போட்டதும் டாஷ்போட்டில் பற்றரிப் படமுள்ள சிவப்பு விளக்கு மிக மங்கலாக, நீறு பூத்த தணல்போல எரிவதை அவர் கவனித்திருக்கிறார். முழுதாக எரிந்தால்தானே பழுது என்று கணவர் சொல்லிவிட்டார். சார்ஜ் விளக்கு அப்படி அரைகுறையாக எரிவது டயோட் கோளாறின் பழைய அடையாளம். எங்களைப் போன்றவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்தச் செய்தி கார்த்திகை வரை எந்தக் கராஜுக்கும் வந்து சேரவில்லை.

வெயில் காலம் கோளாறை மறைத்தும் வைத்தது. பகல் ஓட்டத்தில் விளக்கு இல்லை, வைப்பர் இல்லை. குறைந்த மின்னே போதுமாக இருந்தது. மாரி தொடங்கியபின்தான் உண்மையான சுமை ஏறியது.

முதல் இரவு

கார்த்திகை மாதம், விடாத மழை. வவுனியாவிலிருந்து திரும்பும்போது கனகராயன்குளம் தாண்டியதும் முன்விளக்குகள் மஞ்சளாகத் தொடங்கின. வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்று நின்று போயிற்று. மாங்குளம் சந்தியில் திரும்பி ஒலுமடுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனபோது வீதியில் ஒரு கொம்பன் நின்றது. ஏறத்தாழ 20 மீற்றர் இருக்கையில்தான் ஆசிரியர் கண்டிருக்கிறார். கறுத்த வீதியில், மழையில், கறுத்த யானை. பிறேக் கல்லுப்போல இறுகியிருந்ததாகவும் சொன்னார். யானை காட்டுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, காரைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தபோது இரவு எட்டரை.

என்ஜினை நிறுத்திவிட்டு அளந்தேன். பற்றரியில் 11.8 வோல்ற். முழுச் சார்ஜுள்ள பற்றரி ஓய்வில் 12.6 அளவில் இருக்கவேண்டும். 11.8 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. என்ஜினை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டபோது 12.1. இந்தக் காரில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வந்திருக்கவேண்டும். சார்ஜ் போதவில்லை என்பது தெளிவு.

அல்டனேற்றரைச் சுழற்றும் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினேன். இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே போனது, அதன் பாதிதான் போகவேண்டும். இறுக்கினேன். விளக்குகளை அணைத்து, என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டேன். மீற்றர் மெதுவாக ஏறிப் பத்து நிமிடத்தில் 13.4 காட்டியது. வெறுமையான பற்றரி நிரம்ப நிரம்ப இன்னும் ஏறும் என்று எண்ணினேன். பெல்ற் தளர்வுதான் காரணம் என்று முடிவுசெய்து, என்னிடம் சார்ஜாக இருந்த பற்றரியைப் பூட்டி, அவர்களுடையதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

அது பிழையான முடிவு. சுமையே இல்லாமல் அளந்து, சுமையின்போது வரும் கோளாறுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன். பிறேக் இறுகியதாக அவர் சொன்னதையும், மாலையில் நிரம்பியிருக்கும் பற்றரி காலையில் இறங்கிவிடுகிறது என்று முதலிலேயே சொன்னதையும் காதில் வாங்கினேனே தவிர, பெல்ற்றோடு பொருத்திப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் காரின் பற்றரியைப் பெல்ற் வெறுமையாக்காது. அந்த நேரத்தில் சாமானில்லாமல் வேறு எதையும் செய்திருக்க முடியாதுதான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் அவர்களுடைய பற்றரியைச் சார்ஜ் செய்து, சில மணித்தியாலம் ஓய்வில் விட்டு அளந்தேன். 12.65. சுமைச் சோதனைக் கருவியைப் பத்து விநாடி அழுத்தியபோதும் 10.3க்குக் கீழே இறங்கவில்லை. பற்றரியில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் முந்திய இரவின் முடிவில் எனக்கே சந்தேகம் வந்தது. தொலைபேசியில் அழைத்து, இரவில் ஓட்டவேண்டாம், மூன்று நாளுக்குள் பகலில் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

இரண்டாம் வருகை

இம்முறை மூன்று அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன்.

என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவுகளை மூடியபின் பற்றரியின் எதிர்முனைக்கும் வயருக்கும் இடையில் மீற்றரை அம்பியரில் வைத்தேன். சூடான என்ஜினோடு 0.6 அம்பியர் போய்க்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக்கும் வானொலிக்கும் 0.02 போதும். அல்டனேற்றரின் பெரிய வயரைப் பற்றரி இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழற்றி, நுனியைச் சுற்றிக் கட்டிவிட்டு மறுபடியும் அளந்தேன். 0.02. கசிவு அல்டனேற்றருக்குள்தான். என்ஜின் ஆறியபின் வயரைத் திரும்பப் பூட்டி அளந்தபோது 0.4 ஆகக் குறைந்திருந்தது. சூட்டோடு கசிவு கூடுவதும் டயோட்டின் குணம். 0.4 அம்பியர் சிறிய கணக்குப்போலத் தெரியும். இரண்டு நாள் கார் நின்றால் 19 அம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். அவருடைய 65 அம்பியர்-மணிப் பற்றரியில் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு.

அடுத்து முன்விளக்குகள், வைப்பர், காற்றாடி எல்லாவற்றையும் போட்டு, என்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் பிடித்தேன். சுமார் 25 அம்பியர் சுமை. பற்றரி முனையில் 12.3. அல்டனேற்றரின் பின்பக்க முனையில் 13.2. ஒரே வயரின் இரண்டு அந்தங்களுக்கிடையில் 0.9 வோல்ற் தொலைந்துகொண்டிருந்தது. 0.3ஐத் தாண்டினாலே தேடவேண்டும். வயரின் நுனியில் இருந்த செப்பு வளையம் பச்சை பூத்து, அதை ஒட்டிய றப்பர் உறை கருகி முறுக்காகியிருந்தது. நுனியை வெட்டிப் புதிய வயர்த் துண்டும் வளையமும் பிடித்தபின் இழப்பு 0.15 ஆயிற்று. பற்றரி முனையில் 12.9 வந்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிடும் ஆசை எவருக்கும் வரும். ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, மீற்றரும் ஏறியிருக்கிறது. ஆனால் 12.9 போதாது, இரவுக் கசிவுக்கும் வயர் காரணம் சொல்லவில்லை. அதே சுமையில் மீற்றரை ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் மின்) வோல்ற்றுக்கு மாற்றிப் பற்றரி முனைகளில் வைத்தேன். 0.8 வோல்ற். டயோட்டுகள் நன்றாக இருந்தால் 0.1ஐத் தாண்டாது. டயோட்டுகளால் ஒரே திசைக்கு நேராகவேண்டிய மின் நேராகாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. அல்டனேற்றரைக் கழற்றச் சம்மதம் கேட்டேன்.

கழற்றியபோது

பின்மூடியைத் திறந்ததும் காரணம் கையில் ஒட்டியது. வாக்கியூம் பம்பின் ஒயிலை வெளியே விடாமல் தடுக்கும் றப்பர் சீல் கல்லாகி, ஒயில் அல்டனேற்றருக்குள் இறங்கியிருந்தது. எங்கள் கிரவல் ஒழுங்கைகளின் செம்புழுதி அந்த ஒயிலோடு சேர்ந்து, டயோட் தட்டின்மேல் களிமண் பூசியதுபோலக் காய்ந்து கிடந்தது. டயோட்டுக்குக் காற்றுப் பட்டால்தான் சூடு ஆறும். இங்கே காற்று போக வழியே இல்லை. சுழலிக்கு மின் கொடுக்கும் கார்பன் பிறஷ்கள் ஒயிலில் ஊறி 3 மில்லிமீற்றருக்குத் தேய்ந்திருந்தன. புதியதில் 10.5 வெளியே நிற்கும். 1.5 வந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

ஆறு டயோட்டுகளையும் தனித்தனியாகச் சோதித்தேன். நேர்ப்பக்கத்து மூன்றில் ஒன்று இரண்டு திசையிலும் மின்னை விட்டது. எதிர்ப்பக்கத்து மூன்றில் ஒன்று, சூடாக்கினால் கசிந்தது. இது முக்கியமானது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு டயோட் கெட்டிருந்தால் சார்ஜ் குறையும், ஆனால் மறுபக்கத்து நல்ல டயோட்டுகள் தடுத்துக்கொள்வதால் நிற்கும் காரில் பற்றரி இறங்காது. இரு பக்கமும் பழுதானபோதுதான் சுருளின் வழியாக மின் சுற்றிவரப் பாதை திறந்திருக்கிறது. சார்ஜ் குறைவும் இரவுக் கசிவும் ஒன்றாக வந்த காரணம் அதுதான்.

சீல் ஏன் கெட்டது என்பதையும் பார்க்காமல் விடக்கூடாது என்று ஒயில் குழாய்களைக் கழற்றினேன். திரும்பும் குழாயின் றப்பர் உட்பக்கமாகச் சப்பி ஒட்டியிருந்தது. வாயை வைத்து ஊதினால் காற்றுச் சிரமப்பட்டுத்தான் போயிற்று. வெளியேற முடியாத ஒயில் பம்புக்குள் தேங்கிச் சீலை நெருக்கியிருக்கிறது. குழாயில் தொடங்கிய கோளாறு சீலுக்கும், சீலிலிருந்து டயோட்டுக்கும், டயோட்டிலிருந்து பற்றரிக்கும் இறங்கி வந்திருக்கிறது. ஆசிரியர் பணம் செலவழித்தது அந்த வரிசையின் கடைசி ஆளுக்கு.

என்ன மாற்றுவது

ஆசிரியரின் மருமகன் வவுனியாவில் பழைய பாகங்கள் விற்கும் ஓர் இடத்தில் பெற்றோல் கொரோலாவின் அல்டனேற்றர் ஒன்றை மலிவாகப் பேசி வைத்திருந்தார். "ஆணி பொருந்தும் என்கிறார்கள் தம்பி, பூட்டிவிடுவோமா?" என்று ஆசிரியர் கேட்டார். மறுத்தேன். ஆணி பொருந்தலாம், சார்ஜும் ஏறலாம். ஆனால் அதில் வாக்கியூம் பம்ப் கிடையாது. பிறேக்குக்கு உதவி இல்லாத காரில், மாரி இரவில், யானை நிற்கும் வீதியில் இந்த இரண்டு பேரையும் என்னால் அனுப்ப முடியாது. டீசல் காருக்கு அல்டனேற்றர் தேடுகிற எவரும் முதலில் கேட்கவேண்டியது பம்ப் இருக்கிறதா என்பதைத்தான்.

பம்போடு முழு அல்டனேற்றர் ஒன்றை வரவழைப்பது இன்னொரு வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். ஆனால் பாவித்த பொருளாகத்தான் வரும். அதன் சீல் எத்தனை வருடம் காய்ந்தது என்று யார் சொல்வது? இந்த அல்டனேற்றரின் சுருளும் சுழலியும் நல்ல நிலையில் இருந்தன. ஆகவே இதையே திருத்துவதென்று இருவரும் முடிவுசெய்தோம். டயோட் தட்டு, கார்பன் பிறஷ், இரண்டு பியரிங், பம்பின் சீல்கள் ஆகியவை கொழும்பிலிருந்து பஸ்ஸில் பொதியாக வர இரண்டு நாள் ஆயிற்று. திரும்பும் குழாய்க்கு ஒயில் தாங்கும் றப்பரே வாங்கினேன். தண்ணீர்க் குழாயை மாட்டினால் ஒயிலில் ஊதிப் பழையபடி அடைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்து பூட்டும்போது பம்புக்குள் சிறிது புது ஒயில் விட்டேன். முதல் சில விநாடிகள் வரட்சியாகச் சுழன்றால் அதற்குள் சுழலும் தகடுகளான இதழ்கள் கீறிவிடும்.

செலவு முழுவதும் சேர்ந்து, வைகாசியில் வாங்கிய பற்றரியின் விலையில் பாதியும் வரவில்லை.

பின்னர்

பூட்டியபின் எடுத்த அளவுகள்: சுமையில்லாமல் 14.2, முழுச் சுமையில் 2000 சுற்றில் 13.8, அதே சுமையோடு மெதுவாக ஓடும்போது 13.2. ஏ.சி. அளவு 0.03. நிறுத்தியபின் கசிவு 0.02 அம்பியர். சிவப்பு விளக்கு சுத்தமாக அணைந்திருந்தது. என்ஜினை நிறுத்தியபின்னும் பிறேக்கை இரண்டு தடவை மென்மையாக மிதிக்க முடிந்தது. முன்பு இரண்டாவது மிதியிலேயே இறுகியது. எண்களைவிட இந்த மாற்றம்தான் எனக்கு நிம்மதி தந்தது.

அன்று மழை விட்டிருந்தபோதும் இருட்டும்வரை அவர்களை இருக்கச் சொன்னேன். பொழுதுபட்டபின் ஒலுமடுவரை நானும் கூடப் போனேன். விளக்கு வெளிச்சம் வெள்ளையாக நெடுந்தூரம் விழுந்தது. மனைவி வீதியைப் பார்க்கவில்லை, டாஷ்போட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்கழியிலும் பங்குனியிலும் மறுபடி அளந்தேன். மூன்று நாள் நின்ற காரில் காலையில் 12.6.

மாற்றிச் செய்பவை

இப்போது சார்ஜ் குறைவென்று வரும் எந்த வாகனத்துக்கும், எவ்வளவு அவசரமென்றாலும், விளக்கையும் வைப்பரையும் காற்றாடியையும் போட்டுத்தான் அளக்கிறேன். அல்டனேற்றர் முனையிலும் பற்றரி முனையிலும் இரண்டு இடத்திலும் மீற்றரை வைக்கிறேன். ஏ.சி. அளவுக்கு மீற்றரின் குமிழைத் திருப்ப மூன்று விநாடிதான் ஆகிறது. அன்றிரவே திருப்பியிருந்தால் அந்த மூன்று நாளும் அவர்கள் பழுதான காரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

வண்டியைத் தொடுமுன் கேள்வி கேட்பதையும் மாற்றிக்கொண்டேன். ஓட்டுபவரிடம் மட்டும் கேட்பதில்லை, பக்கத்தில் இருந்து வருபவரிடமும் கேட்கிறேன். சிவப்பு விளக்கு சாவி போட்டதும் எரிகிறதா, ஓடும்போது மங்கலாகவாவது எரிகிறதா, விளக்குப் போட்டால் மாறுகிறதா? பற்றரி ஓடும்போது இறங்குகிறதா, நிற்கும்போது இறங்குகிறதா? பிறேக் எப்படி? இந்தக் காரைப் பொறுத்தவரை பதில்கள் எல்லாம் வைகாசியிலிருந்தே அந்த வீட்டில் இருந்தன.

டீசல் வண்டிகளுக்கு ஒயில் மாற்ற வருபவர்களிடம், அல்டனேற்றரின் அடியைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஈரமாக ஒயில் ஒட்டினால் அப்போதே சீலையும் குழாயையும் பார்த்துவிடலாம், டயோட் தப்பிவிடும்.

ஒரு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. பம்பின் இதழ்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. அளவுக்குள் இருந்ததாலும் புதியவை கிடைக்காததாலும் பழையவற்றையே திரும்பப் போட்டேன். அடுத்த மாரிக்கு முன், புரட்டாதியில் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, ஆசிரியரின் காரின் சூரிய மறைப்புக்குப் பின்னால் ஒட்டிவிட்டிருக்கிறேன். இதழ்களுக்குக் கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறேன்.